மஞ்சள் துணி கட்டிய காடு

எங்கள் பக்கத்தில் ஒரு பொம்பளை ஓடினால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறாள், இல்லாவிட்டால் கயிற்றை அறுத்துக்கொண்டு போன மாட்டைப் பிடிக்க ஓடுகிறாள். சும்மா ஓடுகிறவளை யாரும் பார்த்தது கிடையாது. அதனால் நானும் என் தங்கச்சியும் ஷூ மாட்டிக்கொண்டு விடியற்காலையில் இறங்கிய நாளிலிருந்து ஊருக்கு நல்ல பொழுதுபோக்கு. பால்காரர் வண்டியை நிறுத்தி, "யாரு தாயி தொரத்துறது? ஆளக் காட்டுங்க, நான் மடக்குறேன்" என்றார். குழாயடியில் ஒருத்தி, "அரிசி ஒலையில கெடக்கு, இதுக ரெண்டும் ரோட்டுல கெடக்கு" என்றாள். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர், "எங்க ஆடு நாலு காலு வச்சுக்கிட்டு நடந்துதான் போகுது. ஒங்களுக்கு ரெண்டு காலுல என்னங்க அவசரம்?" என்று கேட்டார். எனக்கு இந்தப் பேச்சுகள் மேல் ஒரு ஆசை. தையல் கடையில் மிஷினை மிதித்துக்கொண்டே அதையெல்லாம் திருப்பிச் சொல்லிப் பார்ப்பேன், தனியாகச் சிரிப்பேன்.

ஆனால் நாங்கள் ஓட ஆரம்பித்தது சிரிப்பதற்காக இல்லை. தங்கச்சிக்குச் சர்க்கரை. மாத்திரைக்கு அடங்காமல் ஊசிக்கு வந்துவிட்டாள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை. நாள் முழுக்க சாம்பார் வாசனைக்கு நடுவில் நின்றுகொண்டு அளவாகச் சாப்பிட வேண்டிய பிழைப்பு. டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தால் போரடிக்கிறது என்றாள். எங்கள் தெருவில் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் தினமும் ஓடுகிறவர். "மெதுவா ஓடு. பேசிக்கிட்டே ஓட முடியணும், அதான் அளவு" என்று அவர் சொன்னதும், பேசச் சொன்னால் போதாதா எங்களுக்கு, கிளம்பிவிட்டோம்.

சர்க்கரை ஏறுவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். ஊசி போடுகிறவர்களுக்கு அது சட்டென்று இறங்குவதுதான் பயம். ஒருமுறை வீட்டிலேயே அவளுக்கு இறங்கியது. உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, என்ன கேட்டாலும் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாள். சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துத்தான் மீட்டேன். கொஞ்சம் தாமதித்திருந்தால் மயங்கியிருப்பாள், மயங்கிய வாயில் எதையும் ஊற்றவும் கூடாது என்று பிறகு டாக்டர் சொன்னார். அவள் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். ஓட்டத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "மதினி, நீங்க கூடவே ஓடுவீங்கல்ல?" என்று மட்டும் கேட்டார். ஓடுவேன் என்றேன். அன்றிலிருந்து ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டை இடுப்புப் பையில் போட்டு அவள் கட்டிக்கொள்வாள். நான் பக்கத்திலேயே ஓடுவேன்.

எங்களுக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று பொட்டல். ஊருக்கு மேற்கே செம்மண்ணும் பாறையுமாய்ப் பரந்து கிடக்கும், தூரத்தில் சித்தன்னவாசல் குன்று தெரியும். காரைச்செடியும் சூரைமுள்ளும் தவிர மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. அங்கே ஓடினால் காற்று காதுக்குள் புகுந்து நம் மூச்சையே கேட்கவிடாது. இரண்டாவது வெள்ளாற்று வழி. பெரும்பாலும் மணல்தான், தண்ணீர் வந்தால் அது செய்தி. மணலில் கால் வைத்தால் நம்மைப் பின்னால் இழுக்கும். தங்கச்சி சொல்வாள், "ஆறு நம்மள விட மாட்டேங்குதுக்கா, ஒரு வாய் சாப்பிட்டுப் போன்னு கையப் பிடிச்சு இழுக்குற சொந்தக்காரி மாதிரி." மூன்றாவது காட்டு வழி. ஆற்றங்கரை ஏறியதும் தைலமரக்காடு, வரிசை வரிசையாய் ஒரே மாதிரி மரம். எந்தப் பக்கம் திரும்பினாலும் வந்த பக்கம் போலவே இருக்கும். அதை ஒட்டி அய்யனார் கோயில்காடு. அங்கே பாலையும் உசிலையும் வேம்பும் பின்னிக் கிடக்கும். அங்கே கோடாலி எடுத்து ஒருவரும் ஒரு குச்சிகூட வெட்டமாட்டார்கள். அந்தக் காட்டை ஒதுக்கிவிட்டு நேராகப் போனால் கண்மாய்க் கரை.

இந்த மூன்றையும் ஒன்றாய்க் கோத்து ஒரு நீள ஓட்டம் வைக்கலாம் என்று பட்டாளத்து அண்ணன்தான் சொன்னார். புதுக்கோட்டை டவுனில் இருந்து சில பேர் வருவதாக இருந்தார்கள். புது ஆட்களுக்கு வழி தெரிய அடையாளம் வேண்டும். கோலமாவு போட்டுப் பார்த்தோம், எறும்புக்குத்தான் வழி தெரிந்தது. அப்போது நான், "கடையில துணி கெடக்குண்ணே, கிழிச்சு மரத்துல கட்டிருவோம்" என்றேன். மாரியம்மன் கோயிலுக்கு மாலை போட்டவர்களுக்கு மஞ்சள் ஜாக்கெட் தைத்த மிச்சம் மூட்டையாய்க் கிடந்தது. வளைவுப் பல் கத்தரிக்கோலால் ஓரம் பிரியாமல் துண்டு துண்டாக வெட்டினேன். பச்சைக் காட்டில் மஞ்சள் பளிச்சென்று தெரியும் என்று அண்ணனும் சந்தோஷப்பட்டார். வியாழக்கிழமை போய் ஆற்றங்கரையில் இருந்து கண்மாய் வரைக்கும் நானும் அவரும் கட்டிவிட்டு வந்தோம். கோயில்காட்டு ஓரமாக வழி போகிற இடத்தில் நாலைந்து மரத்தில் சேர்த்தே கட்டினோம், யாரும் உள்ளே போய்விடக் கூடாது என்று.

மஞ்சள் துணி மரத்தில் தொங்கினால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அது எனக்குத் தெரியாதது இல்லை. என் கல்யாணத்துக்கு என் ஆத்தாளும் அப்படிக் காசு முடிந்து கட்டியவள்தான். ஆனால் அன்றைக்கு எங்கள் இரண்டு பேர் புத்தியிலும் ஓட்டம்தான் இருந்தது, சாமி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் பொட்டலில் ஆரம்பித்தது. தங்கச்சி ஊசி போட்டுக்கொண்டு இட்லி சாப்பிட்டதாகச் சொன்னாள். எத்தனை என்று கேட்டதற்கு, "வயித்த ரொப்பிக்கிட்டு ஓட முடியுமாக்கா" என்றாள். பொட்டலைத் தாண்டி ஆற்று மணலில் இறங்கியபோது அவளுக்கு இடுப்புப் பை நழுவி நழுவி இறங்கியது. கழற்றி என்னிடம் கொடுத்தாள். போனும் அதற்குள்தான் இருந்தது. "ஆத்தத் தாண்டுற வரைக்கும் வச்சிரு" என்றாள். நான் என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

ஆற்றுக்கு அந்தக் கரையில் டவுனில் இருந்து வந்த இரண்டு பெண்கள் காட்டைப் பார்த்து நின்றுவிட்டார்கள். உள்ளே நாய் இருக்குமா, பாம்பு இருக்குமா என்று கேள்வி. அண்ணன் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டார். தங்கச்சி மணலில் இன்னும் பாதி ஆற்றில் வந்துகொண்டிருந்தாள். அங்கிருந்தே கையை ஆட்டி, "நீ அவுகளக் கூட்டிக்கிட்டுப் போக்கா. துணி கட்டிருக்குல்ல, அதப் பாத்து வந்துருவேன்" என்று கத்தினாள். நான் போனேன். பை என் தோளில் இருந்தது. அந்தப் பெண்கள் பாம்பு பற்றியே கேட்டுக்கொண்டு வந்தார்கள், நான் பாம்புக்கு உத்தரவாதம் கொடுத்துக்கொண்டே ஓடினேன். எனக்கு வழி மனப்பாடம். ஒரு துணியையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கண்மாய்க் கரை மடையில் எல்லோரும் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். ஒருவர் ஆரஞ்சுப் பழம் உரித்தார். நான் கரை மேல் ஏறி நின்று காட்டு வாயைப் பார்த்தேன். வருவாள், மெதுவாகத்தான் வருவாள் என்று சொல்லிக்கொண்டேன். பட்டாளத்து அண்ணன், "ஒன் தங்கச்சி ஓட்டத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்மா, ஒக்காரு" என்றார். உட்கார்ந்தேன். தோளில் இருந்து பையை இறக்கி மடியில் வைத்தபோதுதான் உள்ளே அந்தப் பாக்கெட் நறநறவென்றது.

அதன் பிறகு நான் உட்காரவில்லை.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பைக்குள் போன் அடித்தது. தங்கச்சி வீட்டுக்காரர். ஞாயிறு ஓட்டம் முடிந்ததும் வீடியோவில் பேசுவது அவர்கள் வழக்கம். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மூன்றாவது முறை எடுத்து, முகம் தெரியாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டேன். "என்ன மதினி நீங்க எடுக்குறீங்க, அவ எங்க?" என்றார். "பின்னாடி வந்துக்கிட்டு இருக்கா தம்பி. வந்ததும் பேசச் சொல்றேன்" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

காட்டுக்குள் திரும்ப ஓடினேன். அண்ணன் ஆற்றுப் பக்கம் இறங்கித் தேடுவதாகச் சொல்லிவிட்டு வேறு வழியில் போனார். நான் எங்கள் வழியே போய், அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு நின்று கேட்டேன். தைலமரக்காட்டில் பதில் வராது. இலை சரசரக்கிற சத்தம் யாரோ வருகிற மாதிரியே இருக்கும், திரும்பினால் ஆள் இருக்காது. கோயில்காட்டு ஓரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். நாங்கள் நாலைந்து மரத்தில்தான் கட்டினோம். இப்போது அங்கே கண்ணுக்கு எட்டிய மரமெல்லாம் மஞ்சள். நேராகப் போகிற வழியிலும் இருந்தது, இடது பக்கம் கோயிலுக்குள் போகிற ஒற்றையடிப் பாதையிலும் இருந்தது. உள்ளே போகிற பாதையில்தான் அதிகம்.

ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். ஓரம் கையால் கிழித்தது. மஞ்சள் தூள் வாசனை அடித்தது. முடிச்சுக்குள் காசு நெருடியது. என் துணியில்லை.

அங்கே வெள்ளாட்டுக் குட்டியைத் தேடிக்கொண்டு ஒரு அம்மா வந்தது. "இதெல்லாம் யாருங்கம்மா கட்டினது?" என்று கேட்டேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்குத் தெரியாதாக்கும்? யாருக்கோ பெரிய வேண்டுதல் பலிச்சிருக்கு. ஆத்துல இருந்து அய்யனாரு வரைக்கும் வரிசையாக் கட்டிட்டுப் போயிருக்காக. நூறு நாள் வேலைக்கு வந்த நாங்க பாத்தோம். அம்புட்டுப் பேரும் சீலை முந்தியக் கிழிச்சு மஞ்சத்தூள்ல நனச்சு நாங்களும் கட்டிட்டோம். எம் மகளுக்கும் ஒண்ணு கட்டிருக்கேன்" என்றது. "ஷூ போட்ட ஒரு பொம்பளை இங்கிட்டு வந்தாளா?" என்று மட்டும் கேட்டேன். "கோயிலுக்குள்ள கொட்டுச் சத்தம் கேக்குது, பொங்க வைக்க ஆளு வந்திருக்கு. அங்கிட்டுப் போய்ப் பாரு" என்றது.

பாதை முடிகிற இடத்தில், மண் குதிரைகள் ஆரம்பிக்கிற எல்லையில், ஒரு ஜோடி ஷூ. நீல நிறம், என் தங்கச்சியுடையது. ஒன்றை ஒட்டி ஒன்று, நேராக, வாசலில் கழற்றி வைத்த மாதிரி இருந்தது. கை நடுங்குகிற நிலையிலும் அய்யனாருக்கு முன்னால் குனிந்து கழற்றியிருக்கிறாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது, ஆனால் அழ நேரமில்லை.

உள்ளே ஓடப் போனேன். "ஏத்தா, செருப்போட வராதீக, செருப்போட வராதீக" என்று நாலு பேர் ஒரே குரலில் கத்தினார்கள். குனிந்தேன். ஆற்று மணலில் அவிழாமல் இருக்க நாடாவை இரட்டை முடிச்சுப் போட்டிருந்தேன். ஈரமும் மணலும் சேர்ந்து முடிச்சு கல்லாகிக் கிடந்தது. தினமும் நூல் சிக்கு எடுக்கிற விரல்தான், ஒரு முடிச்சை எடுக்க முடியவில்லை. அங்கே மரத்துக்கு நடுவில் மஞ்சள் டீ-ஷர்ட் தெரிகிறது. நாங்கள் எல்லோரும் அன்றைக்கு மஞ்சள் டீ-ஷர்ட்தான். கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் விழுந்து, உட்கார்ந்தபடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கிறாள். சுற்றி ஆட்கள். ஒருவர் கொட்டு அடிக்கிறார், ஒருவர் அவள் நெற்றியில் விபூதியை அள்ளிப் பூசுகிறார். நான் முடிச்சோடு மல்லுக்கட்டி, முடியாமல், ஷூவைக் காலோடு சேர்த்து இழுத்து உருவி எறிந்துவிட்டு ஓடினேன்.

"அவளுக்கு ஒடம்பு சரியில்ல, வழி விடுங்க" என்றேன்.

பொங்கல் வைக்க வந்த குடும்பத்துப் பெரியவர் குறுக்கே கையை நீட்டினார். "தொடாதீங்கம்மா. சாமி வந்திருக்கு. மலையேறட்டும்."

"சாமியில்லங்க, சர்க்கரை. எறங்கிருச்சு. இவ என் தங்கச்சி."

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாக" என்றார் அவர், சாந்தமாக.

அவர் கைக்கு அடியில் குனிந்து போய் அவள் முன்னால் மண்டியிட்டேன். கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. வாய்க்குள் ஏதோ அடக்கியிருந்தாள். அந்த வீட்டு மருமகள் போலிருக்கிறது, ஒரு இளம்பெண், கையில் பாதி வெல்ல அச்சோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் மெதுவாகச் சொன்னாள்: "என்னத்தா வேணும் ஒனக்குன்னு மாமா கேட்டாக. இனிப்பு, இனிப்புன்னுச்சு. பொங்கலை இன்னும் எறக்கிப் படைக்கலைன்னாக மாமா. சாமியே கேக்குது, யாருக்குப் படைக்கக் காத்திருக்குறதுன்னு நான் வெல்லத்தக் குடுத்துட்டேன்."

அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, குளுக்கோஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கச்சி வாயில் போட்டேன், விழுங்குகிறாளா என்று தொண்டையையே பார்த்துக்கொண்டு. விழுங்கினாள். கொட்டு நின்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுப்பில் பானை மட்டும் கொதித்தது. அவள் கண் என் மேல் வந்து, நழுவிப் போய், திரும்ப வந்தது. எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. கடைசியில், "எல்லாத் துணியும் இங்கிட்டேதான் வந்துச்சுக்கா" என்றாள், ஏதோ என் மேல் குறை சொல்கிற குரலில்.

விஷயம் புரிந்ததும் பெரியவர் முகம் வாடிவிட்டது. "அப்ப நான் போர் போட்டா தண்ணி வருமான்னு கேட்டதுக்குத் தலையாட்டுச்சே, அது?" என்றார். மருமகள்தான், "ஆட்டுச்சுல்ல மாமா, யாரு ஆட்டுனா என்ன" என்று பானையைக் கிண்டப் போய்விட்டாள். படையல் முடிந்ததும் இலையில் வைத்துக் கொடுத்த பொங்கலை நானே ஊட்டினேன். அவர்கள் வந்த குட்டியானை வண்டியிலேயே எங்களை ரோடு வரை கொண்டுவந்து விட்டார்கள். ஆற்றுப் பக்கம் தேடிக்கொண்டிருந்த அண்ணனுக்குப் போனில் சொல்லிவிட்டு, வழியெல்லாம் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

வண்டியில் வரும்போது போன் திரும்ப அடித்தது. என் கையில் இருந்து பிடுங்கி அவளே எடுத்தாள். திரையில் அவர் முகம். "என்னடி நெத்தியெல்லாம் பட்டையா இருக்கு?" என்றார். "கோயிலுக்கு வந்தோம். பொங்கல் சாப்பிட்டேன், ஒரு நாள்தானே, திட்டாதீங்க" என்றாள். அவர் சிரித்தார். நான் வண்டிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் புதுக்கோட்டைக்குப் போய் டாக்டரைப் பார்த்தோம். ஓடுகிற நாளில் ஊசியின் அளவைக் குறைத்துக் கொடுத்தார். வெறும் வயிற்றில், அரை வயிற்றில் ஓடவே கூடாது என்று அவளிடம் சொன்னார், என்னைப் பார்த்துக்கொண்டு. திரும்பி வந்த சாயங்காலம் சிங்கப்பூருக்கு நானே போன் போட்டேன். வந்துகொண்டிருக்கிறாள் என்று நான் சொன்னபோது அவள் எங்கே இருந்தாள் என்பதைச் சொன்னேன். பை என் தோளில் இருந்ததையும் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

"இருக்கேன் மதினி" என்றார். பிறகு, "இனிமே ஓட வேணாம்னு சொன்னா கேப்பாளா?"

சமையல்கட்டில் இருந்து தங்கச்சி குரல் கொடுத்தாள். "ஓடுவேன்னு சொல்லுக்கா. இதுக்குப் பயந்து ஒக்காந்தா அப்பறம் ஒக்காந்தேதான் கெடக்கணும்."

அவருக்கும் அது கேட்டிருக்கும். "சரி. பைய அவளே கட்டிக்கட்டும்" என்றார். "நீங்க அவளுக்கு முன்னால போகாதீங்க மதினி. அது மட்டும்தான்."

அந்த வாரமே நானும் பட்டாளத்து அண்ணனும் காட்டுக்குப் போய், பல் வெட்டு ஓரம் உள்ள துணிகளை மட்டும் பார்த்துப் பார்த்து அவிழ்த்தோம். காசு முடிந்தவற்றில் கை வைக்கவில்லை. அதை அவிழ்க்க நாங்கள் யார். வழிக்கு இப்போது கல்லில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறோம்.

நான் அவளுக்குப் பின்னால்தான் ஓடுகிறேன். அவள் வேகம் என் வேகம் இல்லை, முழங்கால் வலிக்கிறது, பரவாயில்லை. முன்னால் அவள் முதுகும், இடுப்பில் ஆடுகிற பையும் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். தைலமரக்காட்டில் பாதை வளைகிற இடத்தில் ஒரு மரம் அவளை மறைக்கும். ஒரே ஒரு மரம்தான். அது வரும் முன்பே, "பேசிக்கிட்டே ஓடுடி" என்பேன். "என்னத்தப் பேச?" என்பாள். "என்னத்தையாவது பேசு." சத்துணவுக்கு வந்த அழுகல் முட்டையைப் பற்றி ஆரம்பிப்பாள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நான் வளைவைத் திரும்புவேன்.